துப்பாக்கி லைசென்சும் ஜாதி லைசென்சும்

ஆயுதம் என்கின்ற பேச்சை எடுத்தவுடனே நமது நாட்டில் இரண்டு கட்சிக்காரர்கள் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு கட்சியார், ஆயுதம் தரிப்பது மனிதனுடைய பிறப்புரிமை என்றும், ஆயுதமில்லாதவன் ஆண்பிள்ளை அல்லன் என்றும், நமது முன்னோர்கள் வாளோடும் வேலோடும் வளரியோடும் வாழ்ந்த வீரர்கள் என்றும், அந்த வீரத்தை வெள்ளைக்காரன் பறித்துக்கொண்டு போனது போதாதென்று இன்றைய சர்க்காரும் பறிக்கிறதென்றும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். மற்றொரு கட்சியார், துப்பாக்கியையும் அருவாளையும் அடியோடு ஒழித்துவிட்டால் மறுநாள் காலையிலேயே நாடு சாந்தி நிலையமாகிவிடும் என்றும், ஆயுதம் வேண்டும் என்று கேட்கிறவன் எவனும் கொலைகாரனே என்றும் அதே தொண்டையில் அதே சத்தத்தில் கத்துகிறார்கள். வடக்கே துப்பாக்கி உரிமைக்கென்றே சங்கம் வைத்திருப்பவர்களும் உண்டு. இந்த இரண்டு கூச்சலுக்கும் நடுவில், மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் வெட்டுப்பட்டுச் சாகிறவன் யார், வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போகிறவன் யார், வீட்டில் துப்பாக்கியை மாட்டி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் யார் என்கின்ற கேள்வியை மாத்திரம் எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்கப் போகிறோம். வாசகர்கள் இரு கட்சியாரின் ஆத்திரத்தையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, தங்கள் ஊரை நினைத்துக்கொண்டு இதைப் படிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

முதலில் வீரம் பேசுகின்ற கட்சியாரை எடுத்துக்கொள்ளுவோம்.

அருவாள் என்பது என்ன? கதிர் அறுக்க ஒன்று, பனையும் தென்னையும் சீவ ஒன்று, முள் வெட்ட ஒன்று, விறகு பிளக்க ஒன்று என்று உழைக்கின்ற மனிதனுக்காகக் கொல்லன் பட்டறையில் அடித்துக் கொடுத்த கருவி. அவ்வளவுதான். ஆனால் நமது மக்களோ அந்தக் கருவியைச் சாமி ஆக்கிவிட்டார்கள். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு ஆள் உயர அருவாள்களை நேர்த்திக்கடனாகச் செலுத்துகிறார்கள். ஊர் எல்லையில் அய்யனாருக்கும் முனியாண்டிக்கும் ஓங்கிய கையில் ஓர் அருவாளைக் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜை என்று வருஷத்துக்கு ஒரு நாள் இரும்புக்குச் சந்தனமும் குங்குமமும் பூசிக் கும்பிடுகிறார்கள். நாம் கேட்கிறோம்: இத்தனை அருவாள் வைத்திருக்கின்ற கருப்பன், கிராமத்தில் ஒரு தாழ்த்தப்பட்ட தோழனை வெட்ட வந்த கூட்டத்தை எந்தக் காலத்திலாவது வழிமறித்தது உண்டா? காவல் தெய்வம் யாரைக் காவல் காத்தது? கருவியைக் கும்பிடக் கற்றுக்கொடுத்தால், கும்பிடுகிறவன் ஒரு நாள் அதைத் தூக்கவும் செய்வான் என்பதற்கு என்ன பெரிய ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது? சாமி கையிலும் அருவாள், சினிமாக் கதாநாயகன் கையிலும் அருவாள், ஜாதி விழாத் தட்டியிலும் அருவாள் என்று வைத்துவிட்டு, பதினேழு வயதுப் பையன் கையில் அருவாளைக் கண்டவுடன் ஐயோ கெட்டுப்போனானே என்று அழுவதில் என்ன பயன்?

இனி அவர்கள் சொல்லுகின்ற சரித்திரத்தைப் பார்ப்போம். வெள்ளைக்காரன் ஆயுதத்தைப் பறித்தான் என்பது வாஸ்தவம். மருது சகோதரர்களை 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, அதே வருஷம் டிசம்பர் மாதத்தில் கும்பினி சர்க்கார் பிரகடனம் போட்டுப் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும், தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளாமல் தடுக்கவும் உத்தரவு செய்தது. பிறகு 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் இருந்த அக்கிரமம் ஆயுதத்துக்கு லைசென்ஸ் கேட்டதல்ல. லைசென்ஸ் கேட்காமல் விட்டதே அக்கிரமம். ஐரோப்பியனுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. பட்டம் பெற்ற பெரிய மனிதர்களுக்கும் சலுகை உண்டு. உழுகிறவனுக்கும் கூலிக்காரனுக்கும் மாத்திரமே சட்டம். அதாவது, சட்டம் ஆயுதத்தைப் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தது, தோலைப் பார்த்தது.

இதனால்தான் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை என்பது அந்தக் காலத்தில் அரசியல் கோரிக்கை ஆயிற்று. 1928-ம் வருஷத்து நேரு அறிக்கையிலும், 1931-ம் வருஷத்துக் கராச்சி காங்கிரஸ் தீர்மானத்திலும், விதிகளுக்குட்பட்டு ஒவ்வொரு குடிமகனும் ஆயுதம் வைத்திருக்கலாம் என்று சேர்த்தார்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அவர்கள் ஆயுதம் தரிக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அதை மறுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? டாக்டர் அம்பேத்கர் அவர்களே மறுத்தார். நாடு இருக்கின்ற நிலையில் ஒவ்வொருவனுக்கும் பிறந்தவுடனேயே இப்படியோர் உரிமையைக் கொடுப்பது பொது நன்மைக்கு ஏற்றதல்ல என்பதே அவருடைய வாதத்தின் சாரம். திருத்தம் தோற்றது. இன்று அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவில் கூட்டம் கூடும் உரிமையைச் சொல்லுகின்ற இடத்தில், அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடலாம் என்றுதான் இருக்கிறது.

தோழர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் மற்ற எவரைக் காட்டிலும் அதிகமாக அடிபட்ட மக்களின் தலைவர் எல்லோருக்கும் ஆயுதம் வேண்டாம் என்றார். அவருக்கு வீரம் இல்லாமலா? நாம் அறிந்துகொள்ளுகின்ற அளவில், மேடும் பள்ளமுமான ஜாதி நாட்டில் எல்லோருக்கும் சமமாக மழை பெய்தாலும் தண்ணீர் தேங்குவது பள்ளத்தில்தான். ஆனால் துப்பாக்கி மாத்திரம் தேங்குவது மேட்டில். ஆயுத உரிமை எல்லோருக்கும் என்று எழுதினால், அதை வாங்கப் பணம் உள்ளவனும், தாலுகா கச்சேரியில் செல்வாக்கு உள்ளவனும், வெட்டிவிட்டு வக்கீல் வைக்கச் சக்தி உள்ளவனும்தான் அதை அனுபவிப்பான். சேரியில் இருக்கிறவனுக்குக் கிடைப்பது ஏட்டிலே உரிமை, மார்பிலே குண்டு. இதைப் புரிந்துகொள்ளாமல் பிறப்புரிமை பிறப்புரிமை என்று கத்துவது, சத்திரத்தில் எல்லோருக்கும் சாப்பாடு என்று போர்டு மாட்டிவிட்டு, உள்ளே பந்தியை ஜாதிவாரியாகப் பிரித்துப் போட்ட கதைதான்.

நிற்க, பிறப்புரிமை என்கின்ற சொல்லை நிஜமாகவே சட்டமாக்கி வைத்திருக்கின்ற இடம் ஒன்றும் நமது தேசத்தில் உண்டு. குடகு நாட்டில் குடகு இனத்தாருக்கும், ஜம்மா என்னும் பரம்பரை நிலப் பாத்தியதை உள்ளவர்களுக்கும் லைசென்ஸ் இல்லாமலேயே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்கின்ற விதிவிலக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கொடுக்கப்பட்டது. சுதந்திரம் வந்தது, குடியரசு வந்தது. அந்தச் சலுகை போகவில்லை. 2019 அக்டோபரில் மத்திய சர்க்கார் அதை 2029 வரையில் நீட்டிக்கொடுத்தது. இன்ன வயிற்றில் பிறந்தால் லைசென்ஸ் வேண்டாம் என்பதற்குப் பெயர் உரிமையா, வருணாசிரமமா? இன்ன வயிற்றில் பிறந்தால் பூணூல், இன்ன வயிற்றில் பிறந்தால் துப்பாக்கி என்பதில் என்ன வித்தியாசம் என்று நமக்கு விளங்கவில்லை. குடகில் உள்ளவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். அவர்கள் மீது நமக்கு ஒரு துவேஷமும் இல்லை. நல்லவன் என்பதற்கு நடத்தையைப் பார்க்க வேண்டுமேயல்லாமல் பிறப்பைப் பார்க்கக்கூடாது என்பதே நம் வாதம். அதுபோலவே சீக்கியர் கிர்பான் தரிப்பது மத அனுஷ்டானம் என்று அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவிலேயே விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. மதத்தின் பேரால் கத்தி வைத்துக்கொள்ளலாம், பகுத்தறிவின் பேரால் வைத்துக்கொள்ளக்கூடாது என்றால் இது என்ன நியாயம்?

துப்பாக்கி பரம்பரைச் சொத்து என்று பேசுகிறவர்களையும் பார்த்தாகிவிட்டது. 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தும்போது, ஓர் ஆளுக்கு மூன்று துப்பாக்கி என்று இருந்ததை ஒன்றாகக் குறைக்கவே மசோதா வந்தது. உடனே எதிர்ப்புக் கிளம்பிற்று; கடைசியில் இரண்டு என்பதில் வந்து நின்றது. அதே திருத்தத்தில் கலியாண ஊர்வலத்திலும் கொண்டாட்டத்திலும் ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டுப் பிறரை ஆபத்துக்குள்ளாக்கினால் இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று போட வேண்டியதாயிற்று. தாலி கட்டுவதற்கு மந்திரமும் வேண்டும், துப்பாக்கிச் சத்தமும் வேண்டும் என்கின்ற நாகரிகத்தை என்னவென்று சொல்லுவது?

ஆயுதம் பெருகினால் பயம் குறையும் என்கிறார்களே, அதற்கும் கணக்கு இருக்கிறது. 2016 முடிவில் மத்திய சர்க்கார் கொடுத்த கணக்கின்படி, உத்தரப் பிரதேசத்தில் துப்பாக்கி லைசென்ஸ் 12 லட்சத்துக்கு மேல். நமது தமிழ்நாட்டிலோ சுமார் 22 ஆயிரந்தான். உத்தரப் பிரதேசத்துத் தாழ்த்தப்பட்ட மனிதன் நம்மூர் மனிதனைவிட ஐம்பது மடங்கு தைரியமாக நடமாடுகிறானா? அங்கேயுள்ள பெண் இங்கேயுள்ள பெண்ணைவிட ஐம்பது மடங்கு பத்திரமாக இருக்கிறாளா? ஆம் என்று சொல்ல வீரக் கட்சியாருக்கே நா எழாது.

அமெரிக்காவைப் பார் என்கிறார்கள். பார்ப்போம். அங்கே 1791-ல் அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தமாக ஆயுதம் தரிக்கும் உரிமையை எழுதினார்கள். இன்று அந்த நாட்டில் ஜனங்களின் தொகையைவிடத் துப்பாக்கிகளின் தொகை அதிகம். 2017-ல் ஒரு மதிப்பீட்டின்படி 39 கோடிக்கு மேல். 2021-ல் துப்பாக்கியால் செத்தவர்கள் 48 ஆயிரத்துக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டு மாண்டவர்கள். திருடனைச் சுட வாங்கிய துப்பாக்கி, வீட்டுக்காரன் மனம் ஒடிந்த ஒரு ராத்திரியில் அவனையே சுட்டுவிடுகிறது. இது ஒரு பக்கம். மற்றொரு பக்கத்தையும் கேளுங்கள். அந்த உரிமை கறுப்பனுக்கு இருந்ததா? 1857-ல் டிரெட் ஸ்காட் வழக்கில் அந்நாட்டுத் தலைமை நீதிபதி, கறுப்பர்களைக் குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால் அவர்கள் ஆயுதமும் எடுத்துக்கொண்டு திரிவார்களே என்பதையும் ஒரு காரணமாகக் காட்டியே குடியுரிமையை மறுத்தார். அடிமைத்தனம் ஒழிந்த பிறகு தென்பகுதி மாகாணங்கள் கறுப்பர் துப்பாக்கி வைக்கக்கூடாது என்று சட்டம் செய்தன. 1967-ல் கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைக் கட்சித் தோழர்கள், போலீசார் தங்கள் மக்களை அடிப்பதைக் கண்காணிக்கச் சட்டப்படியே துப்பாக்கியோடு தெருவில் நின்றார்கள். உடனே மல்ஃபோர்டு சட்டம் என்று ஒரு சட்டம் கொண்டுவந்து, குண்டு போட்ட துப்பாக்கியைப் பகிரங்கமாகத் தூக்கித் திரிவதைத் தடுத்தார்கள். அதில் கையெழுத்துப் போட்டவர் கவர்னராக இருந்த ரீகன். துப்பாக்கி உரிமைக்காரர்களின் பெரிய சங்கமும் அந்தச் சட்டத்தை ஆதரித்தது. பிறப்புரிமை எங்கே போயிற்று? கறுப்பன் கையில் துப்பாக்கி ஏறியவுடன் அது பிறப்புரிமையாக இல்லாமல் குற்றமாகிவிட்டது. நமது ஊரில் மேல்ஜாதிக்காரன் இடுப்பில் கத்தி இருந்தால் அது பரம்பரை வீரம், சேரிப் பையன் சைக்கிளில் கத்தி இருந்தால் அது ரௌடித்தனம் என்கிறார்களே, அதற்கும் இதற்கும் நடுவில் கடல் ஒன்றைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

இனி, எல்லாவற்றையும் தடை செய்துவிடு என்கின்ற கட்சியாரிடம் வருவோம். இவர்கள் ஏதோ சாந்த மூர்த்திகள் போலப் பேசுகிறார்கள். ஆனால் இவர்களுடைய தடை யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டாமா?

மதுரையிலிருந்து மானாமதுரைக்குப் போகின்ற வழியில் திருப்பாச்சேத்தி என்று ஓர் ஊர். அருவாளுக்குப் பேர் போன ஊர். அங்கே பட்டறை வைத்திருப்பவர்கள் உலையில் வெந்து சாப்பிடுகின்ற கொல்லர்கள். 2021-ல் கொலைகள் பெருகுகின்றன என்று கூச்சல் எழுந்தபோது, கத்தி அருவாள் செய்கிறவர்கள் வாங்குகிறவனுடைய பெயரையும் விலாசத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்று போலீசார் உத்தரவு போட்டார்கள். எழுதி வைப்பது தப்பு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கொலைக்கு மூல காரணம் கொல்லன் பட்டறையா? கதிர் அறுக்க அருவாள் வாங்குகின்ற கூலிக்காரன் விலாசம் எழுத வேண்டும். ஜாதி விழா மேடையில் நின்று, வெட்டு என்று ஜாடை காட்டுகின்ற தலைவன் விலாசத்தை எந்த நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார்கள்? ஆயுத விதிகளிலே, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைக் கொடிய ஆயுதங்களின் பட்டியலில் சேர்த்து, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றை விலக்கி வைத்தார்கள். இது சரியான விலக்குத்தான். ஆனால் ஒரே அருவாள் காலையில் விவசாயக் கருவி, ராத்திரியில் கொலைக் கருவி. அங்குலம் அளந்து இதைத் தடுக்க முடியுமா? இரும்பை அளப்பவர்கள், அதைத் தூக்குகின்ற கைக்கு உத்தரவு கொடுக்கின்ற புத்தியை அளக்கவில்லையே!

துப்பாக்கி விஷயத்திலும் அப்படித்தான். இன்றுள்ள ஆயுதச் சட்டம் 1959-ல் ஆனது. அதன் 14-வது பிரிவில், சொத்து இல்லை என்கின்ற ஒரே காரணத்துக்காக ஒருவனுக்கு லைசென்ஸ் மறுக்கக்கூடாது என்று அழகாக எழுதியிருக்கிறது. பயிரைக் காப்பாற்ற நாட்டுத் துப்பாக்கிக்கும், உயிரைக் காப்பாற்றச் சாதாரணத் துப்பாக்கிக்கும் மனுச் செய்ய வழி சொல்லியிருக்கிறது. ஆனால் வாசகர்கள் தங்கள் ஊரை நினைத்துப் பார்க்கட்டும். துப்பாக்கி மாட்டியிருப்பது யார் வீட்டுச் சுவரில்? மிராசுதார் வீட்டிலா, பண்ணையாள் வீட்டிலா? பன்றி அழிப்பது மிராசுதாரர் வயலை மாத்திரமா? குத்தகைக்காரன் கடலைக் கொல்லைக்குள் நுழையப் பன்றிக்கு லைசென்ஸ் இருக்கிறதா?

அதன்றியும், ஜனங்களிடம் ஆயுதம் இருக்கக்கூடாது என்கிறவர்கள் சர்க்காரிடம் உள்ள ஆயுதத்தைப் பற்றி வாய் திறக்க மறுப்பது ஏன்? உசிலம்பட்டிப் பக்கத்தில் பெருங்காமநல்லூர் என்று ஓர் ஊர். பிறமலைக் கள்ளர் என்று பிறந்த ஒரே குற்றத்துக்காகக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ஊரையே வரிசையில் நிறுத்திக் கைரேகை பதிய வந்தார்கள். மாட்டோம் என்றார்கள் ஜனங்கள். 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீசார் சுட்டார்கள். மாயக்காள் என்னும் பெண் உள்பட 16 பேர் மாண்டார்கள். 1957 செப்டம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் இம்மானுவேல் சேகரன் அவர்களை வெட்டிக் கொன்றதும், அதையடுத்துக் கீழத்தூவலில் போலீசார் ஐந்து பேரைச் சுட்டதும், முதுகுளத்தூர்க் கலவரத்தில் இரு பக்கத்து ஏழைகளும் செத்ததும் நாடறியும். 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் ஆலையை எதிர்த்த போராட்டத்தின்போது போலீசார் சுட்டதில் 13 உயிர் போயிற்று. சர்க்கார் துப்பாக்கி என்றால் அதற்கு லைசென்ஸ் வேண்டாமா? அதற்குக் கணக்கும் வேண்டாமா?

ஆகவே இரண்டு கட்சியாரும் பேசுவது பாதி உண்மை; பாதி உண்மை முழுப்பொய்யைவிடக் கெடுதல். முழு விஷயத்தையும் காண மேலவளவுக்குப் போக வேண்டும்.

மேலூருக்குப் பக்கத்தில் மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் பதவியைத் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கினார்கள். நிற்கக்கூடாது என்று மிரட்டினார்கள். தேர்தல் நடக்கவொட்டாமல் தடுத்தார்கள். அதையும் மீறி முருகேசன் என்கின்ற தோழர் நின்றார், ஜெயித்தார். 1997 ஜூன் 30-ந் தேதி, கலெக்டரைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்து ஊர் திரும்புகையில், பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து அவரையும் உடனிருந்தவர்களையும் அருவாளால் வெட்டிக் கொன்றார்கள். அவர் தலையைத் துண்டித்தார்கள். இத்தனைக்கும் அவர் செய்த குற்றம் நாற்காலியில் உட்கார்ந்தது. தண்டனை அடைந்தவர்களில் 13 பேரைச் சர்க்காரே 2019 நவம்பரில் முன்கூட்டி விடுதலையும் செய்தது.

வீரக் கட்சியார் சொல்லுவார்கள்: முருகேசன் இடுப்பில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்? நாம் இந்தக் கேள்வியைக் கேலி செய்யவில்லை. உயிருக்குப் பயந்து வாழ்கின்ற மனிதன் கேட்கின்ற கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். கூட்டமாக வந்து பஸ்ஸை மறித்தவர்களை ஒரு துப்பாக்கி எவ்வளவு நேரம் தடுத்திருக்கும்? அவரிடம் ஒரு துப்பாக்கி என்று தெரிந்தால் எதிரியிடம் பத்துத் துப்பாக்கி வந்திருக்கும். வெண்மணியில் 1968 டிசம்பர் 25-ந் தேதி ராத்திரி என்ன நடந்தது? அரைப்படி நெல் கூலி கூடக் கேட்ட பாவத்துக்காக, மிராசுதாரர் கூட்டம் துப்பாக்கியோடும் வந்தது, தீயோடும் வந்தது. ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் வெந்தன. பிறகு உயர்நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுதலை செய்தது. ஆயுதப் போட்டி என்று வந்துவிட்டால் இந்த நாட்டில் பணமும் நிலமும் கச்சேரியும் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கே ஜெயம். ஆதலால் தோழருக்குத் துப்பாக்கி கொடுத்துவிட்டோம், இனி அவர் பாடு என்று கைகழுவுவது சர்க்காருக்குச் சௌகரியமே ஒழிய, அவருக்குப் பாதுகாப்பு ஆகாது.

அதேசமயத்தில், சாந்தமாக இரு, சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று அவருக்கு உபதேசம் செய்கின்ற தடைக் கட்சியாருக்கும் ஒரு வார்த்தை. சட்டம் எங்கே பார்த்துக்கொண்டது? ஜெயித்துவந்த தலைவரை அந்த பஸ்ஸில் காவலில்லாமல் அனுப்பியது யார்? வெட்ட வருகிறவனைப் பார்த்து அருவாளைப் போடு என்று சொல்லத் தைரியமில்லாதவர்கள், வெட்டுப்படுகிறவனைப் பார்த்துக் கையைக் கட்டு என்பது அகிம்சை அல்ல, அயோக்கியத்தனம்.

அப்படியானால் வழி என்ன என்று கேட்கலாம். வழியைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், படிக்கிறவர்கள்தான் இல்லை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. அதற்கு 1995-ல் விதிகள் செய்தார்கள். அந்த விதிகளில் மூன்றாவது விதியை ஒவ்வொரு தோழரும் மனப்பாடம் செய்ய வேண்டும். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று தெரிந்தால், அங்கே தாழ்த்தப்பட்டோர் அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்ஸை ரத்துச் செய்து, துப்பாக்கிகளைச் சர்க்கார் ஆயுதச் சாலையில் ஒப்படைக்கச் செய்யலாம். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலைக்காரர், குடும்ப நண்பர்கள் லைசென்ஸையும் ரத்துச் செய்யலாம். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அவசியமானால் தாழ்த்தப்பட்டவர்களுக்கு அவர்கள் உயிரையும் சொத்தையும் காக்க ஆயுத லைசென்ஸும் கொடுக்கலாம். கவனியுங்கள்: அடிக்கிறவனிடமிருந்து எடுப்பதை முதலில் வைத்தான், அடிபடுகிறவனுக்குக் கொடுப்பதைப் பின்னால் வைத்தான். இதுதான் பகுத்தறிவுக்குப் பொருந்திய வரிசை. வீரக் கட்சியார் கேட்பதுபோல எல்லோருக்கும் கொடு என்றும் இல்லை; தடைக் கட்சியார் கேட்பதுபோல எவனுக்கும் கொடுக்காதே என்றும் இல்லை. பலவான் யார், பயந்தவன் யார் என்று பார்த்து அதன்படி செய் என்றிருக்கிறது. ஆயுதத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கிறதே, 1878-ம் வருஷத்துச் சட்டமும் ஆளைத்தானே பார்த்தது என்று சிலர் குதர்க்கம் பேசலாம். அந்தச் சட்டம் மேலே இருப்பவனுக்குச் சலுகை கொடுக்க ஆளைப் பார்த்தது. இந்த விதி கீழே கிடப்பவனைத் தூக்கிவிட ஆளைப் பார்க்கிறது. குழியில் தள்ளுவதும் கைதூக்கி விடுவதும் இரண்டும் ஆளைத் தொடுகின்ற காரியந்தான், இரண்டும் ஒன்றாகுமா?

கடைசியாக, மேடையிலே எரிகின்ற வாய்களைப் பற்றி. ஜாதிச் சங்க விழாக்களிலும் குருபூஜைகளிலும் நினைவு நாள்களிலும், கை வைத்தால் கை இருக்காது, தலை வைத்தால் தலை இருக்காது என்று பேசாத மேடை இல்லை. கேட்கிறவன் பதினெட்டு வயதுப் பையன். கூலி வேலைக்காரன் மகன், படிப்பு நடுவில் நின்றுபோனவன். அவன் நிஜம் என்று நம்புகிறான். பேசினவருடைய மகன் எங்கே இருக்கிறான்? சென்னையில் காலேஜில் இருப்பான், அல்லது சீமையில் இருப்பான். வெட்டினவன் மதுரை ஜெயிலில் இருக்கிறான்; வெட்டுப்பட்டவன் சுடுகாட்டில் இருக்கிறான்; பேசினவர் சட்டசபைக்கு நிற்கிறார். இருவருடைய தாய்மாரும் ஒரே தாசில்தார் கச்சேரி வாசலில் விதவைப் பென்ஷனுக்கும் ரேஷன் கார்டுக்கும் காத்து நிற்கிறார்கள். இதுதான் நாம் கண்ட வீரத்தின் பலன்.

ஆகவே தோழர்களே! நாம் சொல்லுவது இதுதான்.

ஒன்று: பிறப்பினாலும் மதத்தினாலும் பட்டத்தினாலும் எவனுக்கும் ஆயுதச் சலுகை கூடாது. அவசியமும் நடத்தையுமே லைசென்சுக்கு அளவுகோலாக இருக்க வேண்டும்.

இரண்டு: தங்கள் ஜில்லாவில் துப்பாக்கி லைசென்ஸ் எத்தனை, அவற்றில் பயிருக்காக எத்தனை, உயிருக்காக எத்தனை, தாழ்த்தப்பட்டவர்களுக்கு எத்தனை என்பதைத் தகவல் உரிமைச் சட்டப்படி கலெக்டரிடமும் போலீஸ் கமிஷனரிடமும் கேட்டு வாங்குங்கள். பெயர் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும். எண்ணிக்கையே கதையைச் சொல்லிவிடும்.

மூன்று: 1995-ம் வருஷத்து விதிகளின் மூன்றாவது விதியை எந்தெந்தக் கிராமத்தில் நடத்தினார்கள் என்று ஜில்லா விழிப்புக் குழுவில் கேள்வி கேளுங்கள். நடத்தவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். வெட்டு விழுந்த பிறகு அல்ல, மிரட்டல் வந்தவுடன் கேளுங்கள்.

நான்கு: மிரட்டப்பட்ட பஞ்சாயத்துத் தலைவனுக்கும், ஜாதி விட்டுக் கலியாணம் செய்துகொண்ட இளைஞருக்கும் காவல் கொடுப்பது சர்க்காரின் கடமை, தர்மம் அல்ல. காவல் மறுத்து உயிர் போனால் மறுத்த அதிகாரி பதில் சொல்ல வேண்டும்.

ஐந்து: உங்கள் வீட்டில் அருவாளைக் கும்பிடுவதை நிறுத்துங்கள். தட்டியிலே அருவாள் படம் போடுவதை நிறுத்துங்கள். அது கதிர் அறுக்கட்டும், முள் வெட்டட்டும். சுத்தமாகத் துடைத்து எரவாணத்தில் செருகி வையுங்கள். அதற்கு மேல் இரும்புக்கு மரியாதை எதற்கு?

பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் பத்து வருஷகாலம் தலைவர் தேர்தலே நடக்கவிடாமல் அடைத்து வைத்திருந்தார்கள். 2006-ல் அங்கே தேர்தல் நடந்தது. சேரியிலிருந்து போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அந்த நாற்காலிகளை வாங்கிக்கொடுத்தது துப்பாக்கியும் அல்ல, அருவாளும் அல்ல. விடாமல் கேட்டவர்களின் வாயும், கடைசியில் தன் கடமையைச் செய்யத் துணிந்த சர்க்காரும், ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசின பேச்சுமே ஆகும். இந்தக் காரியத்தை மேலவளவில் 1997-லேயே செய்திருந்தால் முருகேசன் இன்று உயிரோடு இருந்திருப்பார்.